மூணு பட்டை பிரித்த கதை

போன வாரம் ஒரு பையன் கூரியர் கவரைக் கொண்டுவந்து என் மிஷின் மேலேயே கவிழ்த்தான். பட்டாளத்து மாதிரி அஞ்சாறு பேட்ச், ஒரு தகட்டில் வரிசையாக மெடல் ரிப்பன், அதோடு ஒரு பச்சை ஜாக்கெட்.

"யக்கா, இதெல்லாம் இதுல வச்சுத் தச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு விசேசம் இருக்கு."

உச்சிப்புளியில் எங்கள் கடைக்கு நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. விடியக்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியமான் கடற்கரைக்குப் போய் மணலில் ஓடுவான். அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்னும் கொஞ்ச நொடி குறைக்கணும் என்று அவன் அம்மா பிளவுஸ் கொடுக்க வரும்போதெல்லாம் சொல்வார். நல்ல பையன். அதனால்தான் எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. "வச்சிட்டுப் போ, பாக்குறேன்" என்றேன்.

அவன் போனதும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தையல்காரி கண்ணுக்கு முதலில் படுவது வேலைப்பாடுதான். ஓரம் ஓவர்லாக் சரியாக விழவில்லை, பின்பக்கம் பசை, கழுவினால் ஒரு மாதம் தாங்காது. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு ட்ரங்க் பெட்டியும் அண்ணனும் ஞாபகம் வந்துவிட்டார்கள்.

அப்பா மதராஸ் ரெஜிமென்ட். 1966-ல் சேர்ந்து 1984-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். நீலகிரியில் வெலிங்டனில்தான் ரெஜிமென்ட் சென்டர். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று அங்கே போடும் சத்தத்தை அப்பா எங்களுக்கு ஒருதடவைகூடப் போட்டுக் காட்டியதில்லை. "அது வீட்டுக்குள்ள போடுற சத்தம் இல்ல" என்பார். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பேரே பட்டாளத்தார் வீடு. லீவில் வரும்போது தூக்கிவரும் கறுப்பு ட்ரங்க் பெட்டி, ஓய்வுக்குப் பிறகு சாமி ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே அந்துருண்டை வாசனை. ஆலிவ் பச்சை ஜெர்சி, பெரெட், குறுக்கே இரண்டு வாளும் கேடயமும் அதன் மேல் யானையும் உள்ள தொப்பிச் சின்னம், '71 சண்டைக்குப் பிறகு கிடைத்த பஸ்சிமி ஸ்டார் மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம். அந்த யானை 1803-ல் அசாயே சண்டையில் வாங்கியது. வெள்ளைக்காரன் காலத்து மரியாதைதான், அதுவும் மராட்டியர்களுக்கு எதிராக. அதைப் பற்றி அப்பாவுக்கே இரண்டு மனசு உண்டு. ஆனாலும் வருசத்துக்கு ஒருதடவை பிராசோ போட்டுத் தேய்க்க மறக்க மாட்டார்.

1991 ஐப்பசி. அண்ணனுக்குப் பத்தொன்பது வயசு. மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு அஞ்சு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தக் கரை முழுக்கக் கெடுபிடி. மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாம் நிறைய ஆட்கள், வழியெல்லாம் சோதனை, கரையில் புது ஆள் யார் நின்றாலும் கேள்வி. பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்து மூணு வருசம்தான் ஆகியிருந்தது. பாலத்து மேல் வண்டி ஓட்டுவதே அப்போது எங்கள் பையன்களுக்கு ஒரு பெருமை. அண்ணன் அப்பாவின் லூனாவை எடுத்தான். மழைக் குளிர் என்று சாக்குச் சொல்லி அப்பாவின் ஜெர்சியையும் எடுத்து மாட்டிக்கொண்டான், கையில் ஹவில்தாருக்கான மூணு பட்டையோடு. ராமநாதபுரத்தில் என்ன குளிர்?

சோதனைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர் பட்டையைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருக்கிறார். "வாங்க சார், டீ சாப்பிடுறீங்களா" என்று கேட்டிருக்கிறார். இவனும் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அங்கேதான் தப்பு. குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பேச்சுவாக்கில், "எந்த யூனிட், எங்க போஸ்டிங்?" என்று கேட்க, இவனுக்கு வாய் அடைத்துவிட்டது. மூணு பட்டை வாங்கிய ஹவில்தாருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்திருக்கிறார். அந்த வருசத்தில், அந்த இடத்தில், பட்டாள உடையில் பொய் ஆள் ஒருவன் என்றால் சும்மா விடுவார்களா? சாயந்தரம் வரை உட்காரவைத்துவிட்டார்கள். யாரோ சொல்லி அப்பா டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அடி உதை ஒன்றும் இல்லை. அப்பா முகத்துக்காக விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டார். "அந்த மனுசன் எந்திரிச்சு நின்னாரே, அது யாருக்கு? உனக்கா?"

பிறகு என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் நான் தையல் பழகிக்கொண்டிருந்தேன், பாவாடை மடிப்புக்குக்கூடக் கை நடுங்கும். பாதியாக ஒடித்த பிளேடு ஒன்றை என் கையில் கொடுத்து, "பாப்பா, இந்தப் பட்டையைப் பிரி. கம்பளி அறுபடக் கூடாது" என்றார்.

நான் வாழ்க்கையில் சரியாகச் செய்த முதல் தையல் வேலை பிரித்த வேலைதான். பட்டாளத்து டெய்லர் எப்பேர்ப்பட்ட ஆளோ தெரியாது, கையால் போட்ட கெட்டித் தையல், எள்ளு எள்ளாக விழுந்திருந்தது. நூலுக்கும் கம்பளிக்கும் ஒரே பச்சை. மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, பட்டையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்து, நடுவில் தெரிகிற நூலை மட்டும் பிளேடு முனையால் தொடவேண்டும். தொட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு பட்டைக்கு நாப்பது அம்பது 'டிக்'. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூணையும் எடுத்த பிறகு ஜெர்சியை உதறினால், பட்டை இருந்த இடத்தில் கம்பளி புத்தம் புதுசு. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, அந்த மூணு 'வி' வடிவம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. பட்டையை எடுத்தும் பட்டை போகவில்லை. அண்ணன் அதைப் பார்த்துத்தான் அழுதான்.

பட்டையைக் காகிதத்தில் மடித்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, ஜெர்சியை அண்ணனிடமே கொடுத்தார் அப்பா. "இப்பப் போட்டுக்க. இப்ப இது வெறும் சட்டை."

கடைக்கு யாராவது பேட்ச் கொண்டுவந்தால் நான் எதைத் தைப்பேன், எதைத் தைக்க மாட்டேன் என்பதெல்லாம் அந்த ராத்திரி வந்த கணக்குதான். பட்டாளத்தில் சம்பாதிக்கிற சின்னம் ஒன்று, பட்டாளத்தை நேசிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற சின்னம் வேறொன்று. கைப்பட்டை, தோள் நட்சத்திரம், மெடல் ரிப்பன், பாராசூட் இறக்கை இதெல்லாம் முதல் வகை. ஒருத்தர் எங்கே நின்றார், எவ்வளவு நாள் நின்றார், என்ன செய்தார் என்று அது பேசுகிறது. நாம் வாங்கி மாட்டினால் அது பொய் பேசும். ரெஜிமென்ட் பேர் எழுதிய டீ-ஷர்ட், யானைப் படம் போட்ட தொப்பி, இதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. பிள்ளை வெலிங்டனில் இருக்கிறான் என்று அம்மாக்காரி ஒரு யானையைப் பையில் தைத்துக்கொண்டால் அதைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கப்போவதில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-வது பிரிவு, முன்னால் இந்திய தண்டனைச் சட்டத்தில் 140-வது பிரிவாக இருந்தது. படைவீரர் இல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று மற்றவர்கள் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ சின்னத்தையோ, அதுபோலத் தெரிகிற ஒன்றையோ போட்டுக்கொண்டால், 3 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய். எண்ணம்தான் முக்கியம் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் சாவடியில் நிற்கிறவருக்கு உன் எண்ணம் எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிவது சட்டைதான். என் அண்ணன் ஏமாற்றவேண்டும் என்று கிளம்பவில்லை. டீயை வேண்டாம் என்று சொல்லாமல் விட்டான், அவ்வளவுதான்.

பட்டாளப் பூப்போட்ட துணி, அதாவது கேமஃப்ளாஜ் துணி விசயத்தில் நான் இன்னும் கறார். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் நம் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு, ராணுவ உடை மாதிரித் துணியைக் கடையில் விற்காதீர்கள், பொதுமக்கள் போடாதீர்கள் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் காட்டிய புது டிசைனைப் பதிவு செய்து, வெளிச்சந்தையில் கிடைக்காது என்றும் சொன்னார்கள். நம் ஊர்ச் சந்தையிலோ கடலுக்குப் போகிறவர்கள் மலிவு என்று அந்தப் பூப்போட்ட டீ-ஷர்ட்டும் தொப்பியும்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அழுக்குத் தெரியாது, உப்புத் தண்ணிக்கும் தாங்கும், எல்லாம் சரி. ராத்திரி நேரத்தில் ரோந்துக் கப்பல் லைட் அடித்தால் படகில் பச்சைப் பூச்சட்டையோடு நாலு பேர் நிற்பது அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நம் கப்பலானாலும் சரி, அந்தப் பக்கத்துக் கப்பலானாலும் சரி. மஞ்சள் சட்டை போட்டுப் போங்கப்பா. தைத்துத் தருகிறேன், கூலி குறைத்தே வாங்குகிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாலைந்து வருசத்துக்கு முன்னால், மண்டபம் முகாமிலிருந்து ஒரு அம்மா ரவிக்கை தைக்க வந்தார். அறுபது தாண்டியிருக்கும். கடைக்குள் காலை வைத்தவர் அப்படியே பின்னுக்குப் போய்ப் படியில் நின்றுவிட்டார். என்ன என்று பார்த்தால், கொக்கியில் யாரோ கை மாற்றக் கொடுத்திருந்த பச்சைப் பூச்சட்டை தொங்குகிறது. "பிள்ளை, அதை உள்ளுக்கு வையுங்கோ" என்றார். எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். அந்த அம்மா தன் ஊரில் பார்த்தது ஒரு பச்சை இல்லை. இலங்கை ராணுவத்துப் பச்சை, புலிகள் இயக்கத்தின் வரிச்சீருடை, இடையில் 1987-லிருந்து 1990 வரை அங்கே போய் நின்ற நம் அமைதிப்படை. எந்தப் பச்சைக்குப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை. நம்முடையதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரவிக்கைக்குக் காசு வாங்காதே" என்றார். அவர் அங்கே போகவில்லை. அதற்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிவிட்டார். இருந்தாலும் அப்படிச் சொன்னார்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். சாயந்தரம் வந்தான்.

கொடி பேட்ச்சை முதலில் எடுத்தேன். கைக்கு ஒன்று, பேன்ட் பின்பாக்கெட்டுக்கு ஒன்று என்றான். இடுப்புக்குக் கீழே தேசியக் கொடி கூடவே கூடாது, 1971-ஆம் வருசத்துச் சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். கைக்குட்டை, மெத்தை உறை, உள்ளாடை மாதிரித் துணிகளில் கொடியை அச்சடிப்பதும் எம்பிராய்டரி போடுவதும் அதே கணக்குத்தான். உடுப்புத் துணியையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்வதால் நான் மூவர்ணத்தை மிஷினில் ஏற்றுவதே இல்லை. ஆகஸ்ட் 15-க்குச் சட்டைப்பையில் குத்துகிற சின்ன பேட்ஜ் போதும். டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியலோடு வருவார்களே, சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூணு நிறத்தில் ஒரு சின்னக் கொடி தருவார்கள். 1949-லிருந்து நடக்கிறது. பட்டாளத்தில் இல்லாதவன் பட்டாளத்துக்காக நெஞ்சில் குத்திக்கொள்வதற்கென்றே வந்தது அது. பத்து ரூபாய் போட்டுக் குத்திக்கொள் என்றேன். பையனுக்கு அது அவ்வளவு பந்தாவாகத் தெரியவில்லை.

அடுத்தது குத்துவாளும் இறக்கையும் போட்ட 'பலிதான்' சின்னம். பாரா சிறப்புப் படைக்காரர்கள் மட்டும் போடுவது.

"தல போட்டிருந்தாரேக்கா, கிளவுஸ்ல?"

2019 உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவோடு முதல் ஆட்டம். இவன் அப்போது சின்னப் பையன், ஆனாலும் தேதி முதற்கொண்டு சொல்கிறான். ஜூன் 5. தோனி டெரிட்டோரியல் ஆர்மியில் கௌரவ லெப்டினன்ட் கர்னல், 2015-ல் ஆக்ராவில் விமானத்திலிருந்து அஞ்சு தடவை குதித்து இறக்கை வாங்கியவர். அப்படிப்பட்டவரையே ஐசிசி ஆட்டத்தில் அதைப் போடக்கூடாது என்று சொல்ல, அடுத்த ஆட்டத்துக்கு அந்தச் சின்னம் இல்லாத கிளவுஸோடுதான் வந்தார். "தல கழட்டுனதை நீ மாட்டுறியா?" என்றேன். சிரித்துவிட்டான்.

கடைசியாக அந்த ரிப்பன் தகடு. மூணு வரிசை, ஒன்பது ரிப்பன். கலர் நன்றாக இருக்கிறது என்று வாங்கியிருக்கிறான், 349 ரூபாய். நான் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்பாவின் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மெடல் ரிப்பன் நிறங்களெல்லாம் அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். சின்ன வயசில் எனக்கு அதுதான் கலர் புத்தகம். மேல் வரிசையில் இரண்டாவது ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி.

"இது என்னன்னு தெரியுமா?"

"டிசைன்தானேக்கா?"

"வீர் சக்ரா. நம்ம மாவட்டத்துல இதை வாங்குன ஒருத்தர் பேர் சொல்லு."

தெரியவில்லை. திருவாடானைப் பக்கம் கடுக்கலூர் என்றதும் டக்கென்று பிடித்துக்கொண்டான். ஹவில்தார் பழனி. பீரங்கிப் படை, 81 ஃபீல்டு ரெஜிமென்ட். 2020 ஜூன் 15 ராத்திரி கல்வானில் உயிரைவிட்ட இருபது பேரில் ஒருவர். அடுத்த வருசம் குடியரசு தினத்துக்கு அறிவித்த வீர் சக்ரா அது. வாங்கிக்கொள்ள அவர் மனைவிதான் போனார். அந்தச் செய்தி வந்தபோது ஊர் முழுக்க ஸ்டேட்டஸ் வைத்தது, இவனும் வைத்திருப்பான்.

பையன் தகட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒரு ரிப்பனை நகத்தால் நிமிண்டிப் பார்த்தான். வராது, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பிறகு கவருக்குள் போட்டுவிட்டான். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் அப்பா, தாத்தா மெடல் இருக்கிறவர்கள் கேட்பதுண்டு. மெடல் வாங்கியவர் இடதுபக்க நெஞ்சில் குத்துவார். அவர் காலமான பிறகு, போர் நினைவிடத்தில் அஞ்சலி, இறுதிச் சடங்கு மாதிரி நிகழ்ச்சிகளில் குடும்பத்தார் சாதாரண உடையில் வலதுபக்கம் குத்திக்கொள்ள ராணுவம் 2019-ல் அனுமதி கொடுத்திருக்கிறது. வலதுபக்கம் இருந்தால் விசயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும், இது இவருடையது இல்லை, இவர் குடும்பத்தில் ஒருத்தருடையது என்று. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். கல்யாண வீட்டுக்குக் குத்திப் போவது அதில் சேராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பெரியபட்டினத்துப் பெண் ஒருத்தி, அவள் அத்தாவும் (அப்பாவும்) மதராஸ் ரெஜிமென்ட்தான், அவருடைய துணி யானையைக் கொண்டுவந்து தன் கோட்டில் வைக்கணும் என்றாள். உள்பக்கம் லைனிங்கில், இடது நெஞ்சுக்கு நேராக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போடுகிறவளுக்கு மட்டும் தெரியும். சட்டத்துக்கும் வேலை இல்லை, சாவடிக்கும் வேலை இல்லை.

பழைய பட்டாளச் சட்டையைப் பாத்திரக்காரரிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் பட்டன், பட்டை, பேர்த்துணி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள். ஒருதடவை முண்டு மிளகாய்க் கொல்லையில் திருஷ்டிப் பொம்மைக்கு யாரோ லான்ஸ் நாயக் சட்டையை மாட்டி வைத்திருந்ததைப் பார்த்து, அப்பா பஸ்ஸை நிறுத்தி இறங்கிப்போய், தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டிவிட்டு, அந்தச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பனியனோடு வீட்டுக்கு வந்தார். அம்மா திட்டியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அது புதுச் சட்டை.

பையன் இரண்டு நாள் கழித்து வந்தான். ரிப்பன் தகட்டையும் கொடி பேட்ச்சையும் ரிட்டர்ன் போட்டுவிட்டானாம், காசு வந்துவிட்டதாம். பலிதானுக்கு மட்டும் ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். "இதை என்னக்கா பண்றது?" என்றான். பட்டன் டப்பாவில் போடச் சொன்னேன். ஜாக்கெட்டை வெறுமனே எடுத்துக்கொண்டான். கை கொஞ்சம் நீளமாக இருந்தது, ஒன்றரை இன்ச் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்கு நாப்பது ரூபாய், இன்னும் தரவில்லை.